எதிர் வீட்டு ரிமோட்

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து, பாத்திரம் கழுவி, அடுப்பில் கறியை ஏற்றியிருந்தேன். முன்னறையில் எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்தால் அது இருமலில்தான் போய் நிற்கும். அன்றும் அப்படித்தான் நின்றது.

கேட்காமல் போனது டி.வி. சத்தம்தான்.

சாதாரணமாக அவர் டி.வி.டி. போட்டால் சமையலறையில் தட்டுகள் அதிரும். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துபோகும். அன்றைக்கு என்னவோ குழம்பு கொதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. என்ன அதிசயம் என்று கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தேன்.

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் பிய்த்துப் பிய்த்துத் தொகுத்த டிஸ்க். ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறான். பின்னாலேயே நாலு பேர் துரத்துகிறார்கள். வாய் அசைகிறது, அடி விழுகிறது, சத்தம் மட்டும் துளிகூட இல்லை. இவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்.

“கறி இன்னும் ஆவலையா?” என்றார் என்னைப் பார்த்து.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் பால்ராஜ் நின்றிருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இவரோடு அதே கம்பெனி. கையில் ரிமோட். என்னைப் பார்த்ததும் ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன், தூங்கவேண்டும். அவன்தான் எங்கள் பிளேயரை ஊமையாக்கியிருந்தான். எங்கள் வீட்டு வரிசையில் அது சகஜம். எப்படிச் சகஜமானது என்று பின்னால் சொல்கிறேன்.

சகஜமில்லாதது இவருடைய சிரிப்பு. சத்தம் நின்றதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த டிஸ்க்கை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. எந்த இடத்தில் என்ன வசனம் என்று மனப்பாடம். சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பு வந்துவிடுகிறது.

நான் கரண்டியோடு அங்கேயே நின்றேன். கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனேன்.

ஆயுத பூஜைக்கு வந்த பெட்டி

சென்ற வாரம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மண்ணூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். “ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் எழுதுற. என்ன பத்தி ஒரு வரி எழுதல பாரு அண்ணி,” என்றாள். இந்த வாரம் எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடி சண்டைக்கு வரக்கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரகடத்தில் காருக்குக் கதவும் பானட்டும் அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். கம்பெனி பெயர் வேண்டாம். எழுதினால் பத்திரிகை ஆசிரியருக்குத்தான் தொல்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அங்கே எல்லோருக்கும் ஏதாவது ஒரு பொருள் கொடுப்பார்கள். ஒரு வருஷம் ஹாட் பாக்ஸ். ஒரு வருஷம் சுவர்க் கடிகாரம். ஒரு வருஷம் பிரயாணப் பை, அதன் ஜிப் தீபாவளி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஒரு வருஷம், எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, பெர்மனன்ட் ஆட்கள் அத்தனை பேருக்கும் டி.வி.டி. பிளேயர்.

அப்போது நாங்கள் படப்பையைத் தாண்டி, ஒரகடம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள். நடுவில் ஒரு பைக் போகிற அளவுக்குச் சந்து. குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே கம்பெனி ஆட்கள். ஆகவே வீட்டுக்கு வீடு அதே கறுப்புப் பெட்டி, அதே நீல விளக்கு, அதே மெல்லிசான ரிமோட்.

வினை அதில்தான் இருந்தது. யார் வீட்டுப் பெட்டி என்று ரிமோட்டுக்கு எப்படித் தெரியும்? இந்த ஜன்னலில் அமுக்கினால் அந்த ஜன்னலில் படம் நின்றது. ஒரு வீட்டில் முருகன் பாட்டுப் போட்டால் எதிர் வீட்டில் சண்டைக் காட்சி ஆரம்பத்திலிருந்து ஓடியது. முதல் வாரம் முழுக்க ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பிளேயர் ரிப்பேர் என்று கம்பெனி ஸ்டோர் வாசலில் நின்றார்கள்.

நாத்தனார் கதை இங்கேதான் வருகிறது. அவள் வந்திருந்த ஒரு நாள், யாரும் தொடாமலே எங்கள் பிளேயரின் தட்டு தானாக வெளியே வந்தது. அவள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னா அண்ணி இது, தானா தொறக்குது? எவளோ கண்ணு வெச்சிட்டா.”

சொன்னதோடு விடவில்லை. உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து பெட்டியைச் சுற்றிப்போட்டாள். தட்டு உள்ளே போனது. எதிர் வீட்டில் யாராவது மறுபடி அமுக்கியிருப்பார்கள். தான் சுற்றிப்போட்டதால்தான் பெட்டி அடங்கியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் விட்டுவிட்டேன்.

ஜன்னலைச் சாத்திவைப்பது என்று வரிசையில் பேச்சு வந்தது. அந்த வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஜன்னலைச் சாத்திவிட்டு யார் உட்காருவார்கள்? கடைசியில் யாரும் கூட்டம் போட்டுப் பேசாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துவந்து படுத்தவருக்கு யார் வீட்டுப் பிளேயரையும் ஊமையாக்க உரிமை உண்டு. திடீரென்று சத்தம் நின்றால், யாரோ தூங்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நாம் வால்யூமைக் குறைத்து மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு அவர் நைட் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் நம் வீட்டில் நைட் ஷிப்ட்.

நானும் அந்தக் காலத்தில் ஒரு செல்போன் சார்ஜர் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்த்தவள். அந்தப் பெட்டியில் நான் பார்த்த படங்கள் எல்லாவற்றுக்கும் எனக்கு ஆரம்பம் மட்டும்தான் தெரியும். பெயர் போட்டு முடிவதற்குள் கண் சொருகிவிடும். கதாநாயகிக்கு யாரோடு கல்யாணம் ஆனது, வில்லன் செத்தானா பிழைத்தானா, ஒன்றும் தெரியாது. எழுந்து கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெம்பும் இருந்ததில்லை.

இடது காதுக்கு மட்டும்

பிரஸ் ஷாப்புக்குள் நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். குடும்பத்தோடு வாருங்கள் என்று ஒரு நாள் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார்கள். தகட்டை உள்ளே தள்ளுகிறார்கள், மேலேயிருந்து இறங்கி ஒரு அடி, கார்க் கதவு வெளியே வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் பேசுகிறவர்கள் எனக்குத் தூரத்தில் பேசுவது மாதிரி இருந்தது. நான் உள்ளே இருந்தது கொஞ்ச நேரம்தான். இவருக்கு அதுதான் பிழைப்பு.

காதுக்குள் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் அடைப்பான் கொடுப்பார்கள், இரண்டையும் இணைக்கும் கயிற்றோடு. பொய் சொல்லக்கூடாது, கொடுக்கத்தான் செய்தார்கள். இவர் அதை இடது காதில் மட்டும் வைத்துக்கொள்வார். வலது காதுக்கானது கழுத்தில் தொங்கும். ஆடிட் என்று சோதிக்க ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் இரண்டும் காதுக்குள் போகும்.

“இன்னாத்துக்கு ஒரு காதுல மட்டும்?” என்று ஒரு முறை கேட்டேன்.

“டை பேசுறது காதுல வுழணும் மே,” என்றார். தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சைத்தான் டை என்பார்கள். “நல்லா இருக்கும்போது ஒரு சத்தம், எங்கனா விரிசல் வுட்டா ஒரு சத்தம். ரெண்டு காதையும் அடச்சிக்கினு நின்னா எப்டி தெரியும்? பீஸு பூரா ஸ்கிராப் ஆனப்புறம் சூப்பர்வைசர் வந்து கத்துவான். அப்பதான் தெரியும்.”

அவர் மட்டுமில்லை. அந்த ஷாப்பில் பழைய ஆட்கள் எல்லோருமே மிஷின் பக்கமிருக்கும் காதைத் திறந்துதான் வைத்திருப்பார்களாம். அதைத் தொழில் தெரிந்தவனுக்கு அடையாளமாக நினைத்தார்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறவன் புதுசாகச் சேர்ந்தவன்.

வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் செக்கப் நடக்கும். ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்பார்கள். இவர் எதிரே இருக்கிற நர்ஸின் கையைப் பார்த்தே அமுக்கிவிடுவாராம். அந்த அம்மா விரல் அசைந்தால் இவர் விரலும் அசையும். பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை மாதிரி இதை என்னிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அடிப்பிடித்த கறியைச் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டேன். “உங்களுக்குக் காது சரியா கேக்குதா?”

“எனக்கு இன்னா? மிஷினுதான் மக்கர் பண்ணுது. இனாமா குடுத்த மிஷினு வேற எப்டி இருக்கும்?”

கொஞ்ச நேரம் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார். “எவன்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. தெரிஞ்சுதுனா பிரஸ்ஸ வுட்டு எடுத்து மெயின் கேட்டாண்ட உக்கார வெச்சிடுவானுங்க. ஓ.டி. காசு பூரா பூடும். நம்ம பொண்ணுகிட்டயும் சொல்லாத. நர்சுக்குப் படிக்கிற புள்ள. மொத வேலையா என்ன ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போவும்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? சொன்னால் பிரஸ் வேலை போகிறது என்கிறார். சொல்லாமல் இருப்பது எவ்வளவு வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடையில் பாடும், வீட்டில் பேசாது

இருந்தாலும் குற்றம் மிஷின் மேல்தான் என்று அவர் நம்பினார். நடிப்பு இல்லை, பாதிக்கு மேல் நிஜமாகவே நம்பினார். அதற்குக் காரணமும் இருந்தது.

பெட்டியை டவலில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, படப்பையில் ஒரு டி.வி. மெக்கானிக்கிடம் போவார். துணைக்கு நான். டிஸ்க் கட்டம் கட்டமாக நின்றாலும், தட்டு சிக்கிக்கொண்டாலும், சுற்றுவட்டாரத்துக்கு அவர் ஒருவர்தான். கடையில் நுழைந்தால் ஈயம் உருகும் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் சேர்ந்து வரும். மெக்கானிக் நம் பெட்டியில் ஏதாவது குத்துப் பாட்டுப் போட்டுப் பார்ப்பார். கடைப் பலகை அதிரும்.

“நல்லாதானே கீது?”

“கீது,” என்று இவரும் ஒத்துக்கொள்வார். “வூட்டுக்குப் போனா பேச மாட்டேங்குதே.”

மெக்கானிக் லென்ஸைத் துடைப்பார். வயரை மாற்றுவார். ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் காய்ந்து பட்டன் இடுக்கில் இறங்கியிருந்ததை ஊசியால் சுரண்டி எடுத்து என்னிடம் காட்டுவார், நான்தான் குற்றவாளி என்பது மாதிரி. வீட்டுக்கு வந்தால் பழைய கதை. அடுத்த மாதம் மறுபடி டவல், மறுபடி ஷேர் ஆட்டோ. எனக்கு இடுப்பு விட்டுப்போகும்.

பின்னால் டாக்டர் சொல்லித்தான் விளங்கியது. அந்த மாதிரி வேலையில் முதலில் போவது சன்னமான சத்தங்கள். மேளம் கேட்கும். லாரி ஹாரன் கேட்கும். குக்கர் விசில் கேட்காது. சின்னப் பெண்கள் பேசுவது, சத்தமாக வரும், ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாது. என் குரல் அவருக்கு எப்போதும் எட்டியது. சார்ஜர் கம்பெனியில் கன்வேயர் பெல்ட் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை எனக்கு.

அந்தப் பெட்டி இப்போது பரணில் கிடக்கிறது. போன மாதம் பழைய சாமான் வாங்குகிறவர் வந்து கேட்டார். இவர் கொடுக்கவில்லை. “நல்லா ஓடுற மிஷினுபா அது,” என்று அனுப்பிவிட்டார். எனக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாட்டுப் போடாத ஒரு இடம்

சத்தம் வரவில்லை, சத்தம் வரவில்லை என்று அவர் அலைந்தது நகைச்சுவை டிஸ்க்குக்காக இல்லை. இன்னொரு டிஸ்க் இருந்தது.

எங்கள் ஒரே பெண் அபி வயதுக்கு வந்தபோது மணிமங்கலத்தில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு வைத்தோம். ஸ்டுடியோக்காரர் டிஸ்க் போட்டுக் கொடுத்தார். அந்த டிஸ்க்குகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். சொந்தபந்தம் எல்லாம் வாயை வாயை அசைக்கும், மேலே சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ரோஜாப்பூவுக்குள்ளிருந்து என் மாமனார் தலை வரும். யார் என்ன பேசினார்கள் என்று ஒரு எழுத்துக்கூடக் கேட்காது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஸ்டுடியோக்காரர் பாட்டுப் போட மறந்துவிட்டார். நலங்கு வைக்கிற இடம். என் நாத்தனார் அபியின் கன்னத்தில் சந்தனத்தை அப்பிக்கொண்டே, “எம் மருமவளே, சீக்கிரம் எங்க வூட்டுக்கு வந்துடு,” என்பாள். முகமெல்லாம் சந்தனம் வழிய, கழுத்தை இழுக்கிற மாலையோடு, அபி வெடுக்கென்று சொல்வாள்: “நான் வர்ல போ அத்தே. நான் நர்சு ஆவப்போறேன்.” கூட்டம் சிரிக்கும். கேமரா திரும்பும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு இவர் நிற்பார், வழக்கம்போல இருமல் வரைக்கும். உடனே அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும்.

பிறகு நாத்தனார் நிஜமாகவே தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தாள். அபி முடியாது என்றாள். நர்ஸிங் சேர வேலூருக்குக் கிளம்பினாள். தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்று இவர் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அபி புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் அவள் துணிப் பெட்டியை ஏற்றிவிட்டுக் கீழே நின்றார். அவள் ஜன்னலிலிருந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். இவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

கேட்கவில்லை, அவ்வளவுதான். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறுதோறும் போன் செய்வாள். இவர் எடுத்து, ரெண்டு தரம் ஹலோ சொல்லிவிட்டு, “இந்தா, உங்கம்மா வந்துட்டா,” என்று என் கையில் திணித்துவிடுவார். அந்தப் பக்கம் அவள் மூச்சு மாறுவது எனக்குக் கேட்கும்.

“அத்தைக்காக இன்னும் கோவம்மா அவருக்கு. என்னாண்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு.”

“அதெல்லாம் இல்லடி. அவருக்கு வேலை.”

“நீ அவருக்கு சப்போர்ட்டு. பரவால்ல. நான் பொங்கலுக்கு வர்ல.”

வரவில்லை. நீங்கள் கோபமாக இருப்பதாக நினைக்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். ஒரு பொங்கல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கரும்பு கடித்தோம்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் என்ன செய்வார் தெரியுமா? அந்த டிஸ்க்கைப் போடுவார். நலங்குக்கு வேகமாக ஓட்டுவார். வால்யூமை முழுக்க ஏற்றுவார். இடது காது திரைப் பக்கம் இருக்கும்படி கழுத்தைத் திருப்பி டி.வி.யை ஒட்டி உட்காருவார். மறுபடி பின்னால் ஓட்டுவார். மறுபடி.

பால்ராஜ் ஒரு நாள் வாசலுக்கே வந்துவிட்டான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

“யக்கா, அண்ணன்ட்ட கொஞ்சம் சொல்லுங்க. படுத்தா கண்ணு அசர மாட்டேங்கு. அந்தப் புள்ள நர்சு ஆவப்போறேன்னு சொல்லுதது எனக்கே மனப்பாடம் ஆயிட்டு.”

அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். ரிமோட்டை உபயோகித்துக்கொள் என்றேன்.

மறுபடி ஒரு ஞாயிறு

பரீட்சை முடிந்து இரண்டு நாள் லீவில் அபி வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். இவர் அதிகாலையிலேயே எழுந்து படப்பைக்குப் போய் மீன் வாங்கிவந்தார். அதை அவளிடம் காட்டக்கூட இல்லை, நேரே என்னிடம் நீட்டினார்.

“சாப்ட்டியாப்பா?” என்று அவள் கேட்டாள். இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்று இருந்தது.

சலித்துப்போனேன். “அவ சாப்டாச்சான்னு கேக்குறா,” என்று நான் கத்த, “ஆச்சு ஆச்சு,” என்று அவர் சொல்ல, இதற்கு நான் கம்பெனியிலேயே ஓ.டி. பார்த்திருக்கலாம்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் அந்த டிஸ்க்கை எடுத்தார். பனியனில் துடைத்தார். தட்டில் வைத்தார்.

“அபி, இங்க வந்து உக்காரு.”

அவள் வந்து அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அது அவள் இடம், ஃபேன் காற்று நேராக வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். இவர் வேகமாக ஓட்டினார். மாலை, தட்டு வரிசை, ரோஜாப்பூ, என் மாமனார் தலை எல்லாம் ஓடி மறைந்தன. நலங்கு வந்தது. வால்யூமை ஏற்றினார். ஏற்றிவிட்டு, அவள் பார்க்கிறாளா என்று அவள் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துத் திரை மூலையில் ஸ்பீக்கர் படம் வந்தது. குறுக்கே ஒரு கோடு. வந்து, போய்விட்டது. எதிர் ஜன்னலில் கை ஒன்று உள்ளே போனது.

சத்தம் அடியோடு நின்றது. ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. ரிமோட்டை எடுக்க நான் எழுந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“கேளு. இப்ப பாரு, உங்க அத்த கூப்புடுறா. இப்ப நீ சொல்லுவ. கேட்டியா? வர்ல போ அத்தேன்னு எத்தினி பேரு முன்னால சொல்ற! நர்சு ஆவப்போறேன்னு உன் வாயாலயே சொல்ற, நல்லா கேளு. என் மூஞ்சியப் பாரு, எப்டி சிரிக்கிறேன்னு. அன்னிக்கே சிரிச்சவன் இன்னிக்கா கோவப்படுவேன்? உங்க அத்த வூட்டுக்குப் போய் சொல்லிட்டுதான் வந்தேன். என் பொண்ணு அப்பவே சொல்லிச்சு, சொன்னத செய்யிது, நீ மனசுல வெச்சிக்காதன்னு.”

திரையில் எல்லோரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

அபி டி.வி.யைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

“அப்பா,” என்றாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா,” என்றாள் மறுபடியும், சாதாரணமாகப் பேசுகிற குரலில். அவர் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கேட்டியா இல்லியா?” என்று அவர்தான் திரும்பிக் கேட்டார்.

அவள் எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கம் உட்கார்ந்தாள். காதருகே வாயை வைத்துச் சொன்னாள்.

“கேட்டேம்பா!”

அவர் தூக்கிவாரிப்போட்டு நகர்ந்தார். “இன்னாத்துக்கு இப்டி கத்துற? எனக்கு இன்னா, காது செவுடா?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த அசதி அப்போதுதான் தெரிந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினார். பாட்டுச் சத்தம் அறையை நிறைத்தது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துபோய்விட்டது என்று அவருக்கும் தெரிந்துபோய்விட்டது.

அவர் பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது. மறுநாளே அபி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். போன காது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த செக்கப்பில் நர்ஸின் கையைப் பார்க்காமல் அமுக்கினார். பிரஸ்ஸை விட்டு எடுத்தார்கள். கேட்டருகே ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்டர், வந்துபோகிற லாரிகள். ஓ.டி. போனது. ரொம்ப நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் முணுமுணுத்தால் அதுவும் வரிசைக்கே கேட்கும்.

அபி வேலூர் திரும்பிய அடுத்த ஞாயிறு, போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“அப்பாகிட்ட குடும்மா. எடது காதுல வெக்கச் சொல்லு.”

கொடுத்தேன். அவர் வாங்கி, பழக்கத்தில் வலது காதுக்குக் கொண்டுபோய், பிறகு மாற்றிக்கொண்டார். ஹாஸ்டலில் என்ன சாம்பார், எந்த மேடம் திட்டினார், அவள் முதன்முதலாக ஊசி போட்ட ஆள் எப்படி அலறினார் என்று எல்லாம் அவள் வேலூரில் இருந்து கத்தக் கத்த, போனுக்கு வெளியே எங்கள் வரிசை பூராவும் கேட்டது. இவரும் பதிலுக்குக் கத்தினார்.

“கேக்குது, கேக்குது, சொல்லு! அப்புறம் இன்னா ஆச்சு?”

எதிர் ஜன்னலில் பால்ராஜ் வந்து நின்றான். தலை கலைந்திருந்தது. பாதி மூடிய கண்ணோடு கையை நீட்டி, எங்கள் வீட்டைப் பார்த்து ரிமோட்டை அமுக்கினான். சத்தம் நிற்கவில்லை. ரிமோட்டைத் தொடையில் தட்டிவிட்டு மறுபடி அமுக்கினான்.

நான் அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன்.